யாழ்ப்பாணத்துக்குள்ள ஒரு நெடுந்தீவு

தரப்படுத்தலைப் பற்றிக் கதைக்காத வீடு எங்கட பக்கத்தில குறைவு. 1971 அனுமதியில பொறியியலுக்கு 400க்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250. மருத்துவத்துக்கு 229உம் 250உம். அந்தக் கோபம் எங்க போய் நிண்டது எண்டும் தெரியும். ஆனா அந்தக் கதையில வாற "யாழ்ப்பாண மாணவன்" ஆர் எண்டு நாங்கள் பெரிசாக் கேட்டதில்லை. நகரத்துக் கல்லூரியில படிச்சவனா, குறிகட்டுவானில படகுக்குக் காத்து நிண்டவனா?

1974இல மாவட்டக் கோட்டா வந்தது. யாழ்ப்பாணத்துக்கு இடம் குறைஞ்சது. மன்னார், வவுனியாப் பிள்ளைகளுக்கு அதே கோட்டா ஒரு கதவைத் திறந்தது. இதைச் சொல்ல எங்கட ஆக்களுக்குக் கொஞ்சம் கூச்சம். சரி, பின்தங்கின இடத்துக்குச் சலுகை நியாயம் எண்டே வைப்பம். எவ்வளவு பெரிய இடம்? அண்டைக்குக் கிளிநொச்சியும் யாழ் மாவட்டத்துக்குள்ளதான் இருந்தது. 1984இல அது தனி மாவட்டமாக, அங்கத்தைப் பிள்ளை யாழ் நகரத்துப் பிள்ளையோட மாவட்ட இடத்துக்கு மோதுற தேவை இல்லாமல் போச்சு. பள்ளிக்கூடம் அதேதான், எல்லைக்கோடு மட்டும் மாறினது. தீவகத்துக்கு அப்பிடி ஒரு கோடு விழேல்லை. 1990-91இல ஊர்களே இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடங்கள் வெறுமையாக் கிடந்த பிறகும் விழேல்லை.

இண்டைக்குப் பெரும்பாலான கற்கைநெறிகளில 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு மேலதிகமாக. 2012 கணக்கெடுப்பில நெடுந்தீவில 4,000 பேர் கூட இல்லை. யாழ் மாவட்டத்தில 5,80,000க்கு மேல. மாவட்ட வெட்டுப்புள்ளியை ஆர் தீர்மானிப்பினம் எண்டு விளங்குதுதானே?

2001இல இருந்து இசட் புள்ளி. இது நல்ல யோசனை எண்டுதான் நாங்களும் நினைக்கிறம். சராசரி 40, நியம விலகல் 20 உள்ள கஷ்டமான பாடத்தில 60 எடுத்தால் இசட் 1. சராசரி 70, விலகல் 10 உள்ள லேசான பாடத்தில 75 எடுத்தாலும் 0.5தான். கஷ்டமான பாடம் எடுத்தவன் தண்டிக்கப்படுறதில்லை. (2011இல பழைய, புதிய பாடத்திட்டக்காரரை ஒண்டாப் போட்டுக் குழப்பி, 2012இல உயர் நீதிமன்றம் திருப்பிக் கணக்குப் பார்க்கச் சொன்னது வேற கதை.) ஆனா அந்தப் பாடமே பள்ளிக்கூடத்தில இல்லாட்டி எந்தச் சூத்திரம் உதவும்? 1ஏபி பாடசாலையில விஞ்ஞானப் பிரிவு இருக்கும்; 1சீ எண்டால் கலையும் வர்த்தகமும்தான். கலைப்பீடத்தில இருக்கிற எங்களில எத்தினை பேர் விரும்பி வந்தம், எத்தினை பேர் கிடைச்சதைப் படிச்சு வந்தம் எண்டு எண்ணிப் பார்க்கலாம்.

அமெரிக்காவில டெக்சாஸ் மாநிலம் 1997இல வேற மாதிரி அளந்தது. எந்த உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும் அதன் வகுப்பில முதல் 10 வீதத்துக்குள்ள வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில இடம். அங்க அலகு பள்ளிக்கூடம். எங்களிட்ட நெடுந்தீவு மகா வித்தியாலயத்தில முதலாம் பிள்ளையா வாறதுக்குப் பரிசளிப்பு விழாவில ஒரு கிண்ணம் கிடைக்கலாம், அனுமதிக்கு அது ஒண்டுமில்லை. புலமைப்பரிசிலிலும் நாடளாவிய திறமைக்குத்தான் தனி மரியாதை. 2015க்குப் பிறகு சில வருசம் மகாபொலவில திறமைப் பிரிவுக்கு மாதம் 5,050 ரூபா, சாதாரணப் பிரிவுக்கு 5,000 எண்டு இருந்தது. அந்த 50 ரூபாவை ஆர் யோசிச்சுப் பிடிச்சினமோ!

பள்ளிக்கூடத்தை அலகாக்கினால் கள்ளப் பதிவு வரும், நகரத்துப் பிள்ளைகள் பேருக்குத் தீவில சேருவினம் எண்டு சொல்லுவினம். வரும்தான். மாவட்டத்துக்கும் அந்தப் பயம் இருக்கிறபடியால்தான் வதிவிடச் சான்று கேக்கினம். பள்ளிக்கூடங்களைத் தரம் பிரிக்க ஏலாது எண்டு மட்டும் சொல்ல வேண்டாம். ஆசிரியர் இடமாற்றத்துக்குக் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் எண்ட பட்டியல் கல்வி அமைச்சிட்ட ஏற்கெனவே இருக்கு. நெடுந்தீவுக்குப் படிப்பிக்கப் போற ஆசிரியருக்குக் கஷ்டம் எண்டு எழுதி வச்சிருக்கிறவை, அங்க படிக்கிற பிள்ளையின்ர விண்ணப்பத்தில யாழ்ப்பாணம் எண்டு மட்டும் எழுதச் சொல்லினம்.