எந்தக் கோப்பில் வாழும் நம் புகைப்படம்?

குடும்பப் படங்களை எப்படிக் காப்பது என்பதே இன்றைய மன்றத்தில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பூன் லே மக்களுக்கு இது மிகவும் பொருத்தமானது. ஒரு நூற்றாண்டுக்குள் இந்த வட்டாரம் பல முறை முகம் மாறிவிட்டது.

சியூ பூன் லே (1852–1933) என்ற வணிகரின் பெயரைத் தாங்கிய இடம் இது. அவர் இங்கே கேம்பியரும் மிளகும், பிறகு ரப்பரும் பயிரிட்டார். 1961ல் ஜூரோங் தொழிற்பேட்டைப் பணிகள் தொடங்கின. 1970களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1990ல் எம்ஆர்டி நிலையம் வந்தது. 1971ல் திறக்கப்பட்ட ஜூரோங் பறவைப் பூங்காவுக்கு இங்கிருந்து பேருந்து பிடித்துப் போன குடும்பங்கள் எத்தனை! அந்தப் பூங்காவும் 2023 ஜனவரி 3ஆம் தேதியுடன் மூடப்பட்டது. அதன் நீர்வீழ்ச்சிக்கு முன் நின்று எடுத்த படத்தை இனி மறுபடியும் எடுக்க முடியாது. கையில் உள்ளதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

காகிதப் படம் மங்கினாலும் கண்ணுக்குத் தெரியும். மின்னிலக்கப் படம் அப்படியல்ல. அது வெறும் எண்களின் வரிசை. அந்த எண்களை எப்படிப் படமாக மாற்றுவது என்ற விதிமுறையைத்தான் கோப்பு வடிவம் என்கிறோம். விதி தெரிந்த மென்பொருள் இல்லாவிட்டால், படம் இருந்தும் இல்லாததுதான்.

இதற்கு வரலாறு தந்த பாடம் ஒன்று உண்டு. கோடக் நிறுவனம் 1992ல் 'ஃபோட்டோ சிடி'யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு வட்டில் ஏறக்குறைய 100 படங்கள். தரமும் உயர்வு. ஆனால், அதன் விதிமுறையை நிறுவனம் முழுமையாக வெளியிடவில்லை. 2000களில் கோடக் அதைக் கைவிட்டது. இன்று பெரும்பாலான மென்பொருள்கள் அந்தக் கோப்பைத் திறப்பதில்லை. அதை வாங்கிய மக்கள் நம்பியது உலகப் புகழ்பெற்ற பெயரை. பெயர் பெரிது என்பதால் கோப்பு நிலைத்துவிடவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1987ல் வந்த ஜிஃப் வடிவத்தில் பயன்பட்ட ஒரு சுருக்கமுறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. 1994 இறுதியில் அதற்குக் கட்டணம் கேட்கப்படும் என்ற அறிவிப்பு வந்ததும் கணினி வல்லுநர்கள் கூடி, யாருக்கும் கட்டணம் செலுத்தத் தேவையில்லாத பிஎன்ஜி வடிவத்தை உருவாக்கினார்கள். 1996ல் அது வெளியானது. விதிமுறை எல்லாருக்கும் தெரிந்ததாக இருப்பதால், எந்த ஒரு நிறுவனம் மூடினாலும் அது வாழும்.

சரி, நமக்கு எது வேண்டும்? ஜேபெக்கா, டிஃப்பா?

ஜேபெக் 1992ல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களை விட்டுவிட்டுப் படத்தைச் சிறிதாக்குவது அதன் உத்தி. திருத்தித் திருத்தி ஜேபெக்காகவே சேமித்தால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். போனது திரும்பாது. 1986ல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட டிஃப், எதையும் இழக்காமல் சேமிக்க வல்லது. அதன் விதிமுறையும் வெளிப்படையானது. ஆனால் பருமன் அதிகம். நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 26 மெகாபைட் ஆகும்.

ஆவணக் காப்பகங்கள் இரண்டையும் வைத்துக்கொள்கின்றன: பாதுகாக்க டிஃப், பார்க்க ஜேபெக். 2010களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ படங்களை மின்னிலக்கமாக்கியது. அதற்கு ஆதரவு தந்த பிரிட்டிஷ் நூலகத் திட்டம் கேட்பதும் டிஃப் கோப்புகளையே. தாத்தா பாட்டியின் திருமணப் படத்துக்கும் அதே மரியாதையை நாம் தரலாமே!

கைபேசிப் படத்துக்கு டிஃப் தேவையில்லை. 2017 முதல் ஐஃபோன்களில் ஹெய்க் என்ற வடிவம் வந்துள்ளது. மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, எங்கும் திறக்கக்கூடிய ஜேபெக் பிரதி ஒன்றையும் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதை மூலப்படம் என்று எண்ணிவிடாதீர்கள். அது வழியிலேயே சுருக்கப்பட்டுவிடும். எங்கள் தொலைக்காட்சித் துறையில் பழைய படங்களைப் பெரிதாக்கிக் காட்டும்போது அந்த வேறுபாடு பளிச்செனத் தெரியும்.

வடிவம் மட்டும் போதாது. வீட்டில் இரண்டு பிரதி, உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என்று வையுங்கள். வன்தட்டும் ஒருநாள் பழுதாகும். ஆண்டுக்கொரு முறை, தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்வதுபோல, கோப்புகளையும் திறந்து பாருங்கள்.

படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த இடம் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். கோப்பு திறந்தும் முகம் யாருடையது என்று தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு என்ன பயன்? பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அந்த வேலையைத் தொடங்குவோம்.