மறதிக்கார வலைக்கு ஞாபகம் வந்த கதை

ஆரம்ப காலத்து இணையதளங்களுக்கு ஞாபகசக்தியே கிடையாது. கேட்ட பக்கத்தை அனுப்பும். அத்தோடு ஆளை மறந்துவிடும். டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்வைத்த வலை, விஞ்ஞானிகள் தகவல் பரிமாறிக்கொள்வதற்கானது. படித்துவிட்டுப் போகிறவருக்கு இந்த மறதியால் நஷ்டமில்லை. திண்டாடியவர்கள், கடை விரிக்க வந்தவர்கள்தான். பொருளைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால், வந்திருப்பது பழைய ஆளா புது ஆளா என்றே கடைக்குத் தெரியாது.

1994-இல் எம்.சி.ஐ. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் இந்தச் சிக்கலோடு பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப்பிடம் வந்தது. பாதியில் நிற்கும் வியாபாரக் கணக்கையெல்லாம் தன் சர்வரில் சுமக்க அதற்கு விருப்பமில்லை. நெட்ஸ்கேப்பின் பொறியாளர் லூ மான்டுல்லி ஒரு வழி சொன்னார். கோயில் வாசலில் செருப்பை விட்டால் டோக்கன் தருகிறார்களே, அதே ஏற்பாடு. இணையதளம் ஒரு துண்டு எழுத்தை பிரவுசரிடம் கொடுத்துவைக்கும்; மறுமுறை போகும்போது பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். அதுதான் குக்கீ.

எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக, பிரவுசருக்கு ஒரே நிரந்தர எண் கொடுத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். ஆனால் ஒருவர் எங்கெங்கே போகிறார் என்று அதை வைத்தே மோப்பம் பிடித்துவிடலாம் என்பதால் மான்டுல்லி வேண்டாமென்றார். ஒரு தளம் கொடுத்த குக்கீ அந்தத் தளத்துக்கு மட்டுமே திரும்பும் என்று விதி வைத்தார்.

விதியை யாரும் மீறவில்லை, சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பக்கத்தில் தெரியும் படம் வேறொரு சர்வரிலிருந்தும் வரலாம். விளம்பர நிறுவனம் ஆயிரம் தளங்களில் தன் படத்தை வைத்தால், ஆயிரம் இடத்திலும் அதன் குக்கீ அதனிடமே திரும்பும். காலையில் செய்தி, மதியம் சர்க்கரை நோய் மருந்து, இரவில் வீட்டுக்கடன் என்று நீங்கள் தேடிய தடம் ஒரே கணக்கில் சேரும். 1996-இல் தொடங்கிய டபுள்கிளிக் இந்த வழியில் வளர்ந்தது. பிற்பாடு கூகுள் அதை வாங்கியது.

அதே 1996 பிப்ரவரியில் 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' எழுதிய பிறகே, தங்கள் கணினியில் இப்படியொன்று உட்கார்ந்திருப்பது பொதுமக்களுக்குத் தெரியவந்தது. மறு ஆண்டு வெளியான இணையத் தரநிலை ஆவணம் ஆர்.எஃப்.சி. 2109, இப்படி வேறு சர்வரிலிருந்து வரும் மூன்றாம் தரப்பு குக்கீயை பிரவுசர் முதலிலேயே அடைத்துவைக்க வேண்டும் என்றது. நெட்ஸ்கேப்பும் கேட்கவில்லை, மைக்ரோசாஃப்ட்டும் கேட்கவில்லை. அடைத்தால் விளம்பரக்காரர்கள் கண்ணுக்கே தெரியாத வேறு வழியைத் தேடிப்பிடிப்பார்கள். குக்கீயையாவது பயனரால் அழிக்க முடியும் என்பது மான்டுல்லி சொன்ன நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அழிக்கலாம் என்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது.

ஆப்பிளின் சஃபாரி 2020-இல் மூன்றாம் தரப்பு குக்கீயை முழுதாக அடைத்தது. தன் குரோம் பிரவுசரிலும் இரண்டு ஆண்டில் அதை நிறுத்துவோம் என்று அதே ஆண்டு அறிவித்த கூகுள், தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, 2024-இல் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரம்தானே அதன் பிழைப்பு!

இணையத்தில் நல்லதும் கெட்டதும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன என்கிறோம். குக்கீ விஷயத்தில் அப்படி இல்லை. குரோம் செட்டிங்ஸில் மூன்றாம் தரப்பு குக்கீயை அடைத்துவிட்டு, கடைத்தளத்துக்குப் போய்ப் பாருங்கள். அநேகமாக, கூடையில் போட்ட புடவை போட்டபடியே இருக்கும்.