பாய்மரத் தோணியும் மாசி மீனும்

ஊருக்குச் சென்று திரும்பும் உறவினரின் மூட்டைகளில் அப்பளமும் வடகமும் மட்டுமா இருக்கும்? தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கரையோர ஊர்களினின்று புறப்பட்டுத் தொலைதூர நகரங்களில் குடியேறியோர் இல்லங்களில், அம்மூட்டையினின்று மற்றொரு பொருளும் வெளிப்படும். பார்வைக்கு அது மரக்கட்டை போன்றது. கத்திக்கு எளிதில் இணங்காது. உரலிலிட்டு இடித்தால்தான் தூளாகும். தேங்காயும் மிளகாயும் வெங்காயமும் சேர்ந்து சம்பலாகிவிட்டால் அண்டை வீடு வரை மணக்கும். அதன் பெயர் மாசி. அச்சொல்லைக் கேட்டால் ஒரு திங்களின் பெயராக மட்டுமே எண்ணும் பிள்ளைகள் இன்று நம்மிடையே உண்டு. பாய்மரக் கலமொன்றின் நெடிய வரலாறு அதனுள் அடங்கியிருப்பதை அவர்க்கு எடுத்துரைப்பது நம் கடமையாகும்.

இந்தியப் பெருங்கடலில் வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பது மாலத்தீவுக் கூட்டம். ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள் அதில் உள்ளன. அங்கு வழங்கும் திவேகி மொழியில் 'மஸ்' என்றால் மீன். மீன் பிடிக்கும் கலத்திற்குப் பெயர் 'தோனி'. நம் சங்கப் பாடல்களிலேயே தோணி என்னும் சொல் பயில்கிறது. முதலாம் இராசராசன் (985–1014) வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி கூறும் பன்னீராயிரம் பழந்தீவுகள் இவையே என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. ஆயினும், மன்னன் படையெடுத்த செய்தி கல்லில் நின்றுவிட்டது. மீனவன் கலம் செலுத்திய செய்தியோ நம் அடுக்களை வரை வந்திருக்கிறது.

அத்தீவினர் சூரை மீன் பிடித்த முறையைச் சற்றே காண்போம். வைகறையில் பவளத்திட்டுகளை ஒட்டிய ஆழமற்ற நீரில் சிறு மீன்களை வலையால் அள்ளுவர். அவற்றை உயிருடன் வைத்திருக்கவேண்டும். அதற்காகத் தோணியின் அடிப்பகுதியில் துளைகள் உண்டு. அவற்றின் வழியே கடல்நீர் உட்புகுந்தவண்ணம் இருக்க, ஆட்கள் ஓயாது இறைத்து வெளியேற்றுவர். கலத்திற்குள் கடலை விட்டு, அதனால் கலம் மூழ்காமலும் காப்பது எளிய வித்தையன்று. பின்னர்ப் பாய் விரித்து ஆழ்கடலுக்குச் செல்வர். தொலைவில் கடற்பறவைகள் கூட்டமாக வட்டமிட்டுத் தாழ்ந்தால், கீழே சூரைக்கூட்டம் இரை தேடுகிறது என்பது குறிப்பு. அத்திசை நோக்கிச் சுக்கான் திரும்பும்.

கூட்டத்தை அணுகியதும் சிறு மீன்களை வாரி இறைப்பர். நீரையும் தெறிக்கச்செய்து, இரைமீன்கள் துள்ளுவது போன்ற தோற்றத்தை உண்டாக்குவர். வெறிகொண்டு எழும் சூரை, கழியின் நுனியில் தொங்கும் பளபளப்பான வெறுந்தூண்டிலையும் இரையென்றே கவ்வும். அத்தூண்டிலில் எதிர்முள் இல்லை. கழியைத் தூக்கிய விசையில் மீன் பறந்து வந்து தானே கழன்று தோணிக்குள் விழும். அடுத்த நொடியே தூண்டில் மீண்டும் கடலில் இருக்கும்.

கப்பல் உடைந்து 1602இல் அத்தீவுகளில் கரையேறி, 1607 வரை அங்கேயே வாழ நேர்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார் இம்முறையை விரிவாக எழுதியுள்ளார். மீன் பிடிக்கும்போதும் கலம் பாய் விரித்தபடியே விரைந்து சென்றதை அவர் குறிப்பது நம் கருத்திற்குரியது.

வெப்பமண்டலக் கடலில் பிடித்த மீன் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். ஆதலால் தோணிகள் அன்றே கரை திரும்பவேண்டும். காற்று ஓய்ந்தால் துடுப்பே துணை. கரையில் மகளிர் கைக்கு வேலை வரும். மீனை நீளவாட்டில் நான்காகப் பிளந்து, வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்துவர். அதுவே மாசி. கி.பி. 1343இல் அங்குச் சென்று காசியாகப் பணிபுரிந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, ஏறக்குறைய இதே செய்முறையைக் கூறி, இம்மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதையும் எழுதியுள்ளார். அத்தீவுகளை விட்டபின் அவர் இலங்கை கண்டு, மதுரைச் சுல்தானின் நாட்டுக்கும் வந்தார் என்பதை நினைத்தால், மாசி வந்த கடல்வழி நமக்குத் தெளிவாகும்.

கலத்தின் உடலும் தென்னை. முற்காலப் பாயும் தென்னையோலையால் முடைந்தது. கயிறும் தேங்காய் நார். ஒரு மரமும் ஒரு மீனும் ஒரு மக்கட்கூட்டத்தைக் காத்தன எனலாம்.

இந்நெடிய வாழ்வு நம் தலைமுறையில் விரைந்து மாறியது. இலங்கையே மாசியின் பெரிய சந்தையாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில், அந்நியச் செலாவணி நெருக்கடியால் அந்நாடு இறக்குமதியைச் சுருக்கவே, தீவினர் பச்சைமீனை வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்கத் தலைப்பட்டனர். 1974இல் தோணிகளுக்கு எந்திரம் பொருத்தும் பணி தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே பாய்கள் பெரும்பாலும் மறைந்தன. எந்திரம் மீனவரின் உழைப்பைக் குறைத்தது. காற்றில்லா நாளின் பசியைத் தணித்தது. அதனை நாம் குறைகூறுதல் தகாது. எனினும் காற்றறிந்து பாய் திருப்பும் கைத்திறன் முதியோருடன் போய்க்கொண்டிருந்தது என்பதும் உண்மையே.

ஆனால், எல்லாம் போய்விடவில்லை. பாய் போனபின்பும் தூண்டில் நின்றது. ஒரு கழிக்கு ஒரு மீன் என்னும் முறையிலேயே அங்கு இன்றும் சூரை பிடிக்கின்றனர். கடலை அரித்தெடுக்கும் பெருவலைக்கு இடந்தரவில்லை. நம் நாட்டு இலட்சத்தீவுகளுள் ஒன்றாகிய மினிக்காயிலும் இம்முறை வழங்குகிறது; திவேகியின் கிளைமொழியே அங்குப் பேச்சுமொழி.

இதில் நமக்கும் ஒரு செய்தி உண்டு. ஊர் விட்டு ஊர் வந்த நாம், எதைக் கைவிடுவது, எதைக் காப்பது என்று நாள்தோறும் முடிவு செய்துகொண்டிருக்கிறோம். உடையும் தொழிலும் மாறுவது இயற்கை. அத்தீவினர் பாயை மாற்றினர், தூண்டிலை மாற்றவில்லை. நம் இல்லத்தில் அடுத்த முறை மாசி இடிக்கும்போது, அருகில் நிற்கும் குழந்தையிடம் அச்சொல் வந்த கதையைச் சொல்வோம். உரல் மறைந்து மின்னம்மி வந்துவிட்டது, அதனால் இழப்பில்லை. சொல்லும் மறைந்தால் அதனை மீட்டுத்தர எந்தக் கலமும் வாராது.