லாகூர்க்காரனை யாருக்குத் தெரியும்?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமானதால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டு உட்காருங்க மக்களே.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

தொண்ணூறுகளோட கடைசி. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு வீடியோ கேம் கடை இருந்துச்சு. பத்துக்குப் பத்து ரூம், நாலு டிவி, நாலு பிளேஸ்டேஷன், ஒரே ஒரு டேபிள் ஃபேன். மணிக்குப் பத்து ரூபா. எல்லா டிவியிலயும் ஓடுறது ஒண்ணே ஒண்ணுதான்: டெக்கென் 3. தோத்தவன் எந்திரிக்கணும், ஜெயிச்சவன் உட்கார்ந்தே இருக்கலாம். அதுதான் சட்டம்.

அங்க ஒரு அண்ணன் வருவாரு. எப்பவும் எடி கோர்டோவை எடுத்து ஆடுறதால அவருக்கு 'எடி அண்ணன்'னே பேராயிடுச்சு. எடியை எடுத்தா கண்ணை மூடிக்கிட்டு உதைக்கிற பட்டனை அமுக்கினாலே ஜெயிச்சுடலாம்னு அப்ப ஒரு கெட்ட பேரு உண்டு. அண்ணன் அப்படி ஆடமாட்டாரு. நாம அடிக்கப் போறதை நமக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கிற மாதிரி ஆடுவாரு. மூணு வருஷத்துல அவர் எந்திரிச்சு நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் நான், "அண்ணே, நீங்க வேர்ல்டு சாம்பியன் ஆயிடுவீங்க"ன்னேன். சிரிச்சாரு. "அதுக்கு எங்கடா போயி பேர் குடுக்கணும்?"னு கேட்டாரு.

அந்தக் கேள்விக்கு அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை. இருபது வருஷம் கழிச்சு, 2019-ல லாகூர்க்காரர் ஒருத்தரோட கதையைப் படிக்கும்போதுதான் அது திரும்ப ஞாபகம் வந்துச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

டெக்கென் ஆடாதவங்களுக்காக ஒரு பாரா. 1994-ல ஜப்பானோட நாம்கோ கம்பெனி ஆர்கேட் கடைகளுக்காகக் கொண்டுவந்த சண்டை விளையாட்டு இது. இடது கை, வலது கை, இடது கால், வலது கால் என நாலு அவயவத்துக்கும் ஆளுக்கொரு பட்டன். கேட்க சுலபம். ஆனா திரையில ஒரு வினாடிக்கு அறுபது ஃபிரேம் ஓடுது. வேகமான குத்து பத்தாவது ஃபிரேம்ல விழுந்துடும். அதாவது வினாடியில ஆறில் ஒரு பங்கு. பார்த்துத் தடுக்க மனுஷக் கண்ணால முடியாது, எதிராளி என்ன செய்யப் போறான்னு முன்கூட்டியே ஊகிக்கணும். எந்த அடியைத் தடுத்தா எத்தனை ஃபிரேம் மிச்சம், அந்த மிச்சத்துல திருப்பி எதை அடிக்கலாம்னு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும். வாய்ப்பாடு மாதிரி.

இதனாலதான் இந்த ஆட்டத்தை எதிராளி பக்கத்துல உட்கார்ந்து ஆடினாத்தான் மதிப்பு. இணையத்துல ஆடினா ரெண்டு மூணு ஃபிரேம் தாமதம் வந்துடும். அதுல நீங்க பெரிய ஆளைத் தோற்கடிச்சாலும் "லேக் அடிச்சுதுப்பா"ன்னு ஒரே வார்த்தையில கதையை முடிச்சுடுவாங்க.

அப்ப பெரிய ஆளுங்க எல்லாம் யாரு? கொரியாவும் ஜப்பானும்தான். குறிப்பா கொரியா. பே ஜே-மின்னு ஒருத்தர், பட்டப்பேரு 'நீ'. (தமிழ்ல படிச்சா நம்மளையே ஒருமையில கூப்பிடுற மாதிரி இருக்கும். ஆங்கிலத்துல முழங்கால்னு அர்த்தம். :-)) பல வருஷமா டெக்கெனோட அடையாளமே அவர்தான். டெக்கென் 7 ஆர்கேடுக்கு வந்தது 2015-ல. வீட்டுல ஆடுற பிளேஸ்டேஷனுக்கும் கம்ப்யூட்டருக்கும் வந்தது 2017 ஜூன்லதான். ஆர்கேடுகள்ல ஆடின கொரிய, ஜப்பானிய ஆளுங்களுக்கு நடுவுல ரெண்டு வருஷம் கூடுதல் பயிற்சி.

சண்டை விளையாட்டுகளுக்கு உலகத்துலயே பெரிய திருவிழா ஈவோ. 1996-ல கலிஃபோர்னியாவுல சின்னதா ஆரம்பிச்சு, 2002-ல இந்தப் பேருக்கு மாறி, 2005-லேர்ந்து லாஸ் வேகாஸ்ல நடக்கிறது. அங்க டெக்கென் 7 பட்டத்தை 2017-ல ஜேடிசிஆர், 2018-ல லோஹைன்னு ரெண்டு கொரியர்களே அடுத்தடுத்து வாங்கினாங்க. "வழக்கம்போல கொரியா"ன்னு எல்லாரும் பழகிட்டாங்க.

ஈவோவோட அழகே, அதுக்கு யாரும் அழைப்பு அனுப்ப வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணம் கட்டினா நீங்களும் ஆடலாம், நானும் ஆடலாம். ரெண்டு தடவை தோத்தா வெளியே. அவ்வளவுதான். உலக சாம்பியனும் ஊர் பேர் தெரியாதவனும் ஒரே வரிசையிலதான் ஆரம்பிக்கணும்.

ஆக, கதவு திறந்துதான் இருக்கு. கதவு வரைக்கும் போறதுதான் பிரச்சினை.

இப்ப லாகூர். பாகிஸ்தான்லயும் நம்ம ஊர் மாதிரியே ஆர்கேட் கடைகள். டோக்கன் போட்டு ஆடுற பெட்டிகள், அதுல கிங் ஆஃப் ஃபைட்டர்ஸும் டெக்கெனும். அர்ஸ்லான் சித்திக், 1995-ல பிறந்தவர், அங்கேதான் வளர்ந்தாரு. ஆட்டப் பேரு அர்ஸ்லான் ஆஷ். முதல்ல கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ், அப்புறம் டெக்கென். கூட ஆடினவங்க எல்லாம் அந்த ஊர்ப் பசங்க. தினமும் அதே ஆளுங்க, அதே முகங்கள். உன் புதுத் தந்திரம் நாளைக்கே எல்லாருக்கும் தெரிஞ்சுடும், நாளன்னிக்கு அதுக்கு மாற்று கண்டுபிடிச்சுடுவாங்க. இப்படி ஒருத்தரை ஒருத்தர் அரைச்சு அரைச்சு, ஒரு ஊரே கூர்மையாயிடுச்சு. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது.

தெரியாததுக்குக் காரணம் எளிமையானது. 2017-ல டெக்கென் வேர்ல்டு டூர்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஊர் ஊரா, நாடு நாடா நடக்கிற போட்டிகள்ல கலந்துக்கிட்டு புள்ளி சேர்க்கணும். டிக்கெட் வாங்க ஸ்பான்சர் வேணும், ஸ்பான்சர் கிடைக்க பேர் வேணும், பேர் வர டிக்கெட் வாங்கணும். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்ங்கிற கதைதான். இதுக்கு மேல பாஸ்போர்ட். பச்சை பாஸ்போர்ட்டை நீட்டி, "ஐயா, நான் வீடியோ கேம் ஆடப் போறேன்"னு தூதரகத்துல சொன்னா என்ன மரியாதை கிடைக்கும்னு நீங்களே ஊகிச்சுக்கோங்க.

2019 பிப்ரவரி. ஜப்பானோட ஃபுகுவோகா நகரத்துல ஈவோ ஜப்பான். அர்ஸ்லான் ஒருவழியா கிளம்பினாரு. விசா இழுபறி, விமானக் குளறுபடின்னு பல தொல்லைகளைத் தாண்டி அலைஞ்சு திரிஞ்சு போய்ச் சேர்ந்தாரு. போட்டி மேடையில அவர் பேரைப் பார்த்தவங்களுக்கு அது யார்னே தெரியாது. கடைசியில பிலிப்பைன்ஸோட ஏகேயைத் தோற்கடிச்சு பட்டத்தை வாங்கிட்டாரு. கொரியாவும் இல்லை, ஜப்பானும் இல்லை. பாகிஸ்தான்!

என்னை உலுக்கினது அதுக்கு அடுத்து நடந்ததுதான். ஜெயிச்ச கையோட அவர் சொன்ன விஷயத்தோட சாரம் இது: எங்க ஊர்ல என்னைப் போல இன்னும் நிறைய பேர் இருக்காங்க. பேரும் சொன்னாரு, அவைஸ் ஹனி மாதிரி.

யோசிச்சுப் பாருங்க. இத்தனை வருஷம் காத்திருந்து, இத்தனை விமான நிலையம் தாண்டி வந்து, உலகமே முதல் தடவையா உங்க பக்கம் திரும்புது. அந்த நிமிஷத்துல "நான்"னு சொல்லத்தான் யாருக்கும் தோணும். இவரு "நாங்க"ன்னு சொன்னாரு.

பல பேர் அதை நம்பலை. தன்னடக்கம்னு நினைச்சாங்க. ஒரு தடவை ஜெயிச்சது குருட்டு அதிர்ஷ்டம்னும் பேச்சு இருந்துச்சு. 2019 ஆகஸ்ட்ல லாஸ் வேகாஸ் ஈவோ வந்துச்சு. இறுதிப் போட்டியில எதிரே உட்கார்ந்திருந்தது வேற யாரும் இல்லை, சாட்சாத் 'நீ'. அர்ஸ்லான் ஜெயிச்சாரு. ஈவோ ஜப்பான், ஈவோ ரெண்டையும் ஒரே வருஷத்துல ஜெயிச்ச முதல் ஆள். அந்த வருஷத்தோட சிறந்த மின்விளையாட்டு வீரர்னு ஈஎஸ்பிஎன் அவரைத் தேர்ந்தெடுத்துச்சு.

ஃபுகுவோகாவுக்குப் பிறகு இன்னொரு விஷயமும் நடந்துச்சு. அந்த 'நீ'யே பெட்டியைக் கட்டிக்கிட்டு பாகிஸ்தானுக்குப் போயிட்டாரு. பேர் தெரியாத பசங்களோட தோளோடு தோள் உட்கார்ந்து ஆடினாரு, தோக்கவும் செஞ்சாரு. என்னைக் கேட்டா, டெக்கென் வரலாற்றுலயே அழகான பக்கம் இதுதான். சாம்பியன் தன்னை அளந்து பார்க்க அளவுகோலைத் தேடி லாகூருக்கு வந்திருக்காரு.

இங்க ஒரு தொண்ணூறு வருஷம் பின்னாடி போயிட்டு வந்துடலாம். காரணம் இருக்கு.

இதே பஞ்சாப். சர்கோதா பக்கம் மிட்டா திவானா. அங்க பிறந்த மீர் சுல்தான் கான், அப்பாகிட்ட கத்துக்கிட்டது நம்ம நாட்டு முறை சதுரங்கம். அதுல சிப்பாய் முதல் நகர்த்தல்ல ரெண்டு கட்டம் போக முடியாது, ராஜாவைக் கோட்டைக்குள்ள வைக்கிற முறையும் வேற. 1928-ல அகில இந்திய சாம்பியன். அடுத்த வருஷம் ஸர் உமர் ஹயாத் கான்ங்கிற ஜமீன்தார் லண்டன் போகும்போது இவரையும் தன் பரிவாரத்தோட கூட்டிட்டுப் போனாரு. ஐரோப்பிய விதிகளுக்கே புதுசான இந்த மனுஷன் அந்த 1929-லேயே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனாரு. 1932, 1933-லயும் அவரே. 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவையே தோற்கடிச்சாரு.

1933 கடைசியில ஜமீன்தார் ஊர் திரும்பினாரு. கூட வந்தவரும் திரும்பணும்ல? அதோட சர்வதேச ஆட்டம் முடிஞ்சுது. 1950-ல ஃபிடே முதன்முதலா 27 பேருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் குடுத்துச்சு. 1932-லேயே ஆடுறதை நிறுத்தியிருந்த ரூபின்ஸ்டைனுக்குக் கூட அந்தப் பட்டியல்ல இடம் இருந்துச்சு. சுல்தான் கானுக்கு இல்லை. 1966-ல செத்துப் போனாரு. கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தது 2024 பிப்ரவரியில. செத்து ஐம்பத்தெட்டு வருஷம் கழிச்சு.

ரெண்டு கதையும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை. சுல்தான் கானைக் கூட்டிட்டுப் போகவும், திரும்பக் கூட்டிட்டு வரவும் இன்னொருத்தர் கையில கப்பல் டிக்கெட் இருந்துச்சு. அவருக்குப் பின்னாடி யாரும் வர வழியில்லை. அர்ஸ்லானுக்குப் பின்னாடி ஆள் வந்தாங்க. 2023 பிப்ரவரியில ஆம்ஸ்டர்டாம்ல நடந்த டெக்கென் வேர்ல்டு டூர் இறுதிப் போட்டியை ஜெயிச்சது அதிஃப் பட். அவரும் பாகிஸ்தான்தான். "இன்னும் நிறைய பேர் இருக்காங்க"ன்னு சொன்னது தன்னடக்கம் இல்லை, தகவல்! அர்ஸ்லானும் ஓயலை. 2023-ல ஈவோ ஜப்பான், ஈவோ ரெண்டும் மறுபடியும். 2024-ல டெக்கென் 8-ல ஈவோ. 2024 வரைக்கும் மொத்தம் அஞ்சு பட்டம்.

ஆனா சாம்பியன் ஆயிட்டா கதவு தானா திறந்துடும்னு நினைக்காதீங்க. இதுக்கு அப்புறமும் விசா கிடைக்காம பாகிஸ்தான் ஆட்டக்காரங்க தவறவிட்ட போட்டிகள் உண்டு.

"திறமை இருந்தா எங்க இருந்தாலும் வெளிய வந்துடும்"னு நிறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். நானும் சொல்லியிருக்கேன். இப்ப அதுல எனக்கு நம்பிக்கை இல்லை. குடத்துக்குள்ள வச்ச விளக்கும் குன்று மேல வச்ச விளக்கும் ஒரே அளவுதான் எரியுது. குன்று மேல ஏத்தி வைக்க ஒரு டிக்கெட், ஒரு முத்திரை, ஒரு ஸ்பான்சர் வேண்டியிருக்கு. கிடைச்சவன் பேர் வரலாற்றுல. கிடைக்காதவன் பேர் அவன் தெருவுல, அதுவும் கொஞ்ச நாளைக்கு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்த கேம் கடை இருந்த இடத்துல இப்ப மொபைல் ரீசார்ஜ் கடை. எடி அண்ணன் எங்கன்னு ரெண்டு மூணு பேர்கிட்ட கேட்டேன். யாருக்கும் தெரியலை. ஒருத்தர் மட்டும், "யாரு, அந்த கேம் ஆடுவாரே, அவரா?"ன்னு கேட்டாரு. அதுக்கு மேல அவருக்கும் தெரியலை.

அவர் உலகத் தரத்துல ஆடினாரா, இல்லை எங்க கடைத் தரத்துல மட்டும்தானா? சத்தியமா எனக்குத் தெரியாது. அளந்து பார்க்க 'நீ' எங்க ஊருக்கு வரலையே.

பி.கு: பதிவை முடிச்சுட்டு, பையனோட டெக்கென் 8-ல எடியை எடுத்து ஆடிப் பார்த்தேன். பதினொரு தடவை ஆடி பதினொரு தடவையும் தோத்தேன். எங்க வீட்டு லாகூர்க்காரன்! :-)