மணிக்கட்டில் முதல் வெட்டு: கார்பல் டனல் அறுவையின் தொடக்கம் பற்றி ஒரு மறுஆய்வு

மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில், எலும்புகளுக்கும் அவற்றைக் குறுக்காக இழுத்துக் கட்டும் நார்ப்பட்டைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியில் 9 தசைநாண்களோடு நடு நரம்பும் செல்கிறது. அந்நரம்பு அங்கே நசுங்குவதால் விரல்கள் மரத்துப்போகும் நிலையே கார்பல் டனல் நோய். நார்ப்பட்டையை வெட்டி நரம்பை விடுவிப்பது அதற்குரிய அறுவை. 1933இல் மேயோ கிளினிக்கின் ஜேம்ஸ் லியர்மன்த் வெளியிட்ட கட்டுரையே இவ்வறுவையின் தொடக்கம் என்பது நெடுநாள் வழக்காக இருந்தது. பீட்டர் அமாடியோ 1995இல் இதை மறுத்து, கனடாவின் வினிபெக்கில் ஹெர்பர்ட் காலவே 1924இலேயே இதைச் செய்ததைச் சுட்டினார். அமாடியோ தம் தலைப்பில் வினாக்குறி இட்டிருந்தும், பின்வந்தோர் பலர் அதை முடிந்த முடிபாகவே எடுத்தாள்கின்றனர்.

அமாடியோவின் காலக்கணக்கில் பிழையில்லை. ஆனால் முதலில் வெட்டியவர் யார் என்று கேட்பதே வரலாற்றைத் திசைமாற்றுகிறது. காலவேயின் நோயாளிக்குக் காயத்துக்குப் பின்னரும், லியர்மன்தின் நோயாளிக்குக் காயத்தைத் தொடர்ந்த மூட்டுத் தேய்வாலும் நரம்பு நசுங்கியிருந்தது. இன்று மருத்துவரிடம் வருவோருள் மிகப் பெரும்பாலோர்க்கோ காயம் எதுவுமில்லை.

இவ்விரண்டும் ஒன்றே எனக் கொள்வதற்கு எதிராக ஒரு பழைய குறிப்பு உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டனின் ஜேம்ஸ் பேஜெட் விவரித்த ஒருவருக்கு, ஆர எலும்பு முறிந்து கூடியபோது மிகுதியாக வளர்ந்த எலும்பு நரம்பை அழுத்தியதால் விரல்களில் புண்கள் உண்டாயின. உள்ளங்கைப் பக்கம் தளருமாறு மணிக்கட்டை மடக்கிக் கட்டியபோதுதான் அவை ஆறின. ஆனால் கிளீவ்லாந்தின் ஜார்ஜ் ஃபேலன் 1950களில் பரப்பிய சோதனையில், மணிக்கட்டை மடக்கி வைத்தால் மரமரப்பு கூடுகிறது. ஒரே நிலை ஒருவருக்கு நிவாரணமும் மற்றொருவருக்கு வேதனையும் தருமெனில், எலும்பின்மேல் இழுபட்ட நரம்பும் நார்ப்பட்டைக்கு அடியில் நசுங்கும் நரம்பும் வேறு வேறு நிகழ்வுகள் என்றே கருத வேண்டும். ஒரே நோயாளியின் குறிப்பைக் கொண்டு இவ்வளவு சொல்வது துணிவே. ஆயினும் காலவேயின் அறுவையைப் பேஜெட்டின் மரபில் வைப்பதே பொருந்தும்.

காயமற்ற நோய்க்கான அறுவை, செய்யப்படும் முன்பே கருத்தாகத் தோன்றியது. பாரிசில் பியர் மாரியும் ஷார்ல் ஃபுவாவும் 1913இல் வெளியிட்ட பிணக்கூராய்வு அதற்குச் சான்று. 80 வயது முதியவர் ஒருவரின் இரு கைகளிலும் கட்டைவிரலின் அடிமேடு சூம்பியிருந்தது. காயம் எதுவும் அறியப்படவில்லை. நரம்பை வெளிப்படுத்தியபோது அது நார்ப்பட்டைக்குச் சற்று மேலே முடிச்சுப்போல் வீங்கி, பட்டைக்கு அடியில் ஒடுங்கியிருந்தது. ஒடுங்கிய இடத்தில் நரம்பிழைகளின் மயலின் உறை அழிந்திருந்தது. நோயைத் தொடக்கத்திலேயே அறிந்தால் நார்ப்பட்டையை வெட்டி அதன் வளர்ச்சியைத் தடுக்கலாம் என அவர்கள் எழுதினர்.

இக்கருத்து ஏன் தேங்கியது? அவர்கள் கண்டது சூம்பிய தசையை. பாஸ்டனின் ஜேம்ஸ் புட்னம் 1880இல் 37 நோயாளரிடம் விவரித்ததோ இரவில் உறக்கத்தைக் கலைக்கும் மரமரப்பை. இவை ஒரே நோயின் இரு படிநிலைகள் என்பது உணரப்படாததால், மரமரப்புக்குக் கழுத்தையொட்டிய விலா எலும்பின் அழுத்தமே காரணம் எனப் பல்லாண்டுகள் நம்பப்பட்டது. அதன்பேரில் கழுத்துப் பகுதியிலேயே அறுவைகளும் நடந்தன. பார்க்க வேண்டிய மணிக்கட்டு பார்க்கப்படாமலே கிடந்தது. இழப்பு நோயாளருக்கே.

1947இல் லண்டனில் ரஸ்ஸல் பிரெய்னும் உடனிருந்தோரும், காயமின்றி இரு கைகளிலும் நோயுற்ற ஆறு பெண்களின் அறுவையை விவரித்தபோது மாரி–ஃபுவாவின் கருத்து நடைமுறையோடு சேர்ந்தது எனலாம். அவர்கள் 1913இன் கட்டுரையிலிருந்தே அறுவைக்கு வந்தனர் என்பது இதனால் நிறுவப்படுவதில்லை. 1947ஐ உறுதியான எல்லையாக நாட்டுவதும் கடினம். ஏனெனில் அதற்கு முந்தைய ஆண்டே மேயோவின் கேனனும் லவ்வும் 38 நோயாளரைத் தொகுத்து, அவர்களுள் 9 பேருக்கு நார்ப்பட்டை வெட்டப்பட்டதைப் பதிவு செய்திருந்தனர். அத்தொகுப்பு காயத்தின் பின்விளைவையும் காரணம் புலப்படாத நரம்பழற்சியையும் ஒரே தலைப்பின்கீழ்ச் சேர்த்திருப்பதால், அவ்வொன்பது அறுவைகளை எந்த மரபில் சேர்ப்பது என்பதைப் பொறுத்தே ஆண்டும் மாறும்.