நீரிணைக் குடியேற்றங்களின் தனியார் வங்கி நோட்டுகள்

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில், சர்க்கார் காகிதப் பணம் வெளியிட முற்படுமுன், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் வியாபார வங்கிகள் தத்தம் பெயராலேயே அச்சிட்டு வழங்கிய பணத்தாள்கள் இவை.

அந்நாளில் வாணிகம் மெக்சிகோ வெள்ளி நாணயத்தைக் கொண்டே பெரிதும் நடந்தது. சிங்கப்பூர்த் தமிழர் டாலரை இன்றும் ‘வெள்ளி’ என்பது அதன் எச்சமே. நாணயம் ஒன்று சுமார் 27 கிராம் எடையுள்ளதாதலின், ஆயிரம் வெள்ளியைக் கைமாற்ற ஓர் ஆள் மூட்டை சுமக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளிலிருந்து (தொழிலகங்களிலிருந்து) நகரத்தார் செட்டியார்கள் தூரதேசக் கணக்குகளை உண்டியல் எழுதித் தீர்த்துக்கொள்ள, உள்ளூர்ப் பெருந்தொகைகளுக்கு வங்கி நோட்டு அனுகூலமாயிற்று. 1846இல் ஓரியண்டல் வங்கியும், 1859இல் சார்ட்டர்ட் வங்கியும், 1877இல் ஹாங்காங் ஷாங்காய் வங்கியும் சிங்கப்பூரில் கிளை திறந்தன. சார்ட்டர்ட் மெர்க்கன்டைல் வங்கியும் இவ்வரிசையில் சேர்ந்தது. கொண்டுவருவோர் கேட்ட மாத்திரத்தில் வெள்ளி தருவதாக அத்தாள் பிரதிக்ஞை செய்தது. அதன் மதிப்பெல்லாம் அப்பிரதிக்ஞைதான்.

1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. அவ்வங்கியின் நோட்டுகள் புழங்கிய இலங்கையில் ஆளுநர் கார்டன் அவற்றுக்குச் சர்க்கார் பிணை அளித்துப் பீதியை அடக்க வேண்டியதாயிற்று. 1892இல் மெர்க்கன்டைல் வங்கி புனரமைக்கப்பட்டபோது, அரச பட்டயத்தோடு நோட்டு வெளியிடும் உரிமையையும் இழந்தது. 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த நாணய ஆணையம் 1899 மே முதல் நாளன்று சர்க்கார் நோட்டுகளை வழங்கத் தொடங்கவே, தனியார் தாள்கள் படிப்படியாக மறைந்தன.

சேகரிப்போர் நோக்கில் விசேஷம் இங்கேதான் இருக்கிறது. 1860களின் நடுப்பகுதி வரை அமெரிக்க மாநிலங்களில் தனியார் வங்கிகள் ஆயிரக்கணக்கான வகை நோட்டுகளை வெளியிட்டன. பல வங்கிகள் முறிந்து, தாளுக்குப் பணம் தருவாரின்றிப் போனமையால் அவை பெட்டிகளில் தங்கி, இன்றும் எளிய விலைக்கு அகப்படுகின்றன. சிங்கப்பூரிலோ, நிலைத்து நின்ற வங்கிகள் சொன்ன சொல் தவறாது வெள்ளி கொடுத்துத் தாளைத் திரும்பப் பெற்று அழித்துவிட்டன. ஆதலால் எஞ்சியவை பெரும்பாலும் துளையிட்டு ரத்துச் செய்த தாள்களும் அச்சு மாதிரிகளுமே. நாணயம் காத்த வங்கியின் நோட்டுத்தான் நாணயவியலாருக்கு எட்டாக்கனியாகிறது!

இதற்கு மறுதலையான உதாரணம் ஜப்பானியர் ஆட்சியில் வழங்கிய ‘வாழைமர நோட்டு’. 1945 செப்டம்பரில் செல்லாக்காசாகி, மாற்றிக்கொள்ள இடமின்றிப் போனமையால், அது இன்றும் சிங்கப்பூர்ப் பழநாணயக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது.