கைப்பு கடல் கடந்த கதை

ரொறன்ரோவிலிருந்து சித்திரை விடுமுறைக்கு வந்த மச்சான், பெட்டிக்குள் சாரத்தில் சுற்றி வைத்திருந்த மூன்று பேணிகளை வெளியே எடுத்து, ஐஸ்பெட்டிக்குள் ஒரு மணித்தியாலம் கிடத்தினான். கொழும்புத்துறையில் குஞ்சியப்புவின் வீட்டு விறாந்தை. கடல்நீரேரிப் பக்கமிருந்து உப்புக் காற்று. மூலையில், காலையில் இறக்கிய கள்ளோடு ஒரு முட்டி. குஞ்சியப்பு பிளாவைக் கையில் ஏந்தியபடி பேணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தம்பி, சோடாவோ?"

"பியர், மாமா. ஐபிஏ. இந்தியா பேல் ஏல் எண்டு சொல்லுறது. அங்கை இப்ப இதுக்குத்தான் மவுசு."

கிளாசில் ஊற்றினான். வெளிறின சாயத் தேத்தண்ணி நிறம். நுரை கிளாசின் சுவரில் வலைபோல ஒட்டிக்கொண்டு இறங்கியது. மூக்கருகே கொண்டுபோனால் காய்ந்த தோடம்பழத் தோலும் குங்கிலியமும் கலந்த ஒரு மணம், மெல்லியதாக. முதல் மிடறில் மோல்ற்றின், அதாவது முளைவிடவைத்துக் காய்ச்சின பார்லியின், இனிப்பு நாக்கு நுனியைத் தொட்டது. அதற்குள் அடிநாக்கிலிருந்து ஒரு கைப்பு எழும்பி, விழுங்கின பிறகும் போகமாட்டேன் என்று நின்றது. வேப்பம்பூ வடகத்தைக் கடித்த பிறகு நிற்குமே, அந்த மாதிரி. பேணியில் மதுச்சாரம் 7.2 சதவீதம் என்று போட்டிருந்தது.

"கைக்குதடா. வேப்பம்பட்டை அவிச்ச தண்ணி மாதிரிக் கிடக்கு." சொல்லிவிட்டு இன்னொரு மிடறு குடித்தார். "ஆனா விடவும் மனமில்லை." பிறகு கேட்டார்: "உதென்ன இந்தியா எண்டு பேர்? இந்தியாவிலை ஆர் உதைக் குடிச்சவன்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல 18ஆம் நூற்றாண்டு லண்டனுக்குப் போகவேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது. இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரருக்குப் பியர் அனுப்பினார்கள், வழியிலே புளித்துப்போனது, ஜோர்ஜ் ஹொட்சன் என்ற கெட்டிக்காரன், ஹொப்ஸும் மதுச்சாரமும் கூடின பியர் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்துக் கப்பலேற்றினான், அதுதான் ஐபிஏ. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்ததோ வேறு.

ஹொட்சன் 1752இல் லண்டனின் கிழக்கே போ என்ற இடத்தில் பியர் காய்ச்சத் தொடங்கினார். அவரிடம் புதுச்சரக்கு எதுவும் இருக்கவில்லை, இடம்தான் வாய்த்திருந்தது. லீ ஆற்றங்கரையில் வடிசாலை. அங்கிருந்து கிட்டத்தில் பிளாக்வோல் துறை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் அங்கேதான் நின்றன. கப்பல் தலைவர்களும் அதிகாரிகளும் தங்கள் சொந்தக் கணக்கில் கொஞ்சம் சரக்கு ஏற்றிப்போய் விற்கலாம் என்று கம்பெனி இடம் கொடுத்திருந்தது. இறைச்சி, சீஸ், கண்ணாடிச் சாமான், கூடவே பியர். ஹொட்சன் கிட்டத்தில் இருந்தார், அதற்குமேல் ஒன்றரை வருடம் வரை கடனும் கொடுத்தார். போய், விற்று, திரும்பி வந்து காசு கட்டலாம். துறைக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்த வியாபாரம் விளங்கும். எங்கள் கொழும்புத்துறையிலிருந்தும் ஒரு காலத்தில் பூநகரிப் பக்கத்துக்கு வள்ளங்கள் ஓடின. துறையருகே கடை வைத்தவனின் சரக்கு தூரம் போகும்.

அவர் அனுப்பியவற்றில் ஒன்று "ஒக்டோபர் பியர்". இங்கிலாந்தின் பெரிய பண்ணை வீடுகளில் அறுவடை முடிந்த கையோடு புது மோல்ற்றில் காய்ச்சி, வருடக்கணக்கில் நிலவறையில் வைத்துப் பதப்படுத்திக் குடித்த சரக்கு அது. நாள்பட நிற்பதற்காகவே அதில் ஹொப்ஸ் தாராளம். கப்பல் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தரம் கடந்து வர நாலிலிருந்து ஆறு மாதம். பீப்பாய்கள் ஆடின, சூடேறின, ஆறின. நிலவறையில் வருடங்கள் எடுக்கும் வேலையைக் கடல் மாதங்களில் முடித்துவிட்டது. கல்கத்தாவிலும் சென்னையிலும் பீப்பாயைத் திறந்தபோது பியர் கெடாமல் இருந்தது மட்டுமல்ல, பதமாகியும் இருந்தது. ஆக, ஐபிஏயை யாரும் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. பழைய சரக்கு ஒன்று கப்பலேறி, வழியிலே வேறொன்றாகிக் கரையிறங்கியது.

குடித்தது யார் என்றால், கம்பெனி உத்தியோகத்தரும் வியாபாரிகளும். சாதாரண வெள்ளைச் சிப்பாய் கறுத்தப் போர்ட்டர் பியரைத்தான் கூடுதலாகக் குடித்தான். அதுவும் அதே கடல் வழியே சுகமாக வந்து சேர்ந்தது. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியருக்கு ஹொப்ஸைக் கூட்டிப் போடு என்ற புத்திமதி 1760களிலேயே பியர் காய்ச்சுவோரிடம் இருந்தது.

"ஹொப்ஸ் எண்டால் என்ன?" குஞ்சியப்பு.

கஞ்சாக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. குளிர் நாட்டில், கம்பில் படர்ந்து ஏறும். அதன் பெண் பூங்கொத்து பச்சைச் செதில் செதிலாக இருக்கும். பிய்த்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் தூள். கைப்பும் மணமும் அந்தத் தூளில்தான். மோல்ற்றை ஊறவைத்து எடுத்த இனிப்புத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால், தூளிலுள்ள அமிலம் உருமாறிக் கைப்பாகக் கரையும். அந்தக் கைப்பு மதுவத்தை ஒன்றும் செய்யாது. புளிக்கவைக்கும் பக்டீரியாவை அமர்த்திவிடும். 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த கன்னியாஸ்திரி ஹில்டகார்ட், இதன் கைப்பைப் பானங்களில் சேர்த்தால் அவை பழுதாகாமல் நிற்கும் என்று தம் மருத்துவ நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

குஞ்சியப்புவுக்கு இது உடனே பிடிபட்டது. கள்ளின் முழுச் சங்கடமும் அதுதானே. விடியற்காலையில் பாளையைச் சீவி இறக்கினால் இனிப்பு. வெயில் ஏற ஏறக் கள்ளும் ஏறும். பின்னேரம் புளிப்பு. மறுநாள் வினாகிரி. மரத்தில் தொங்கும் முட்டிக்குள்ளேயே மதுவமும் பக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். அதை நிறுத்த எங்களிடம் ஒரு வழி உண்டு: முட்டிக்குள் சுண்ணாம்பைப் பூசிவிடுவது. ஆனால் அப்போது கிடைப்பது கருப்பநீர். குடித்தால் இனிக்கும், காய்ச்சினால் பனங்கட்டி. வெறி இல்லை. தெற்கே சிங்கள ஊர்களில் கித்துள் முட்டிக்குள் ஹல் மரத்தின் பட்டையைப் போட்டு நுரைத்தலைப் பிந்தப்பண்ணுவார்கள். ஹொப்ஸின் தூரத்துச் சொந்தம் என்று அந்தப் பட்டையைச் சொல்லலாம். பனையிலும் கைப்பு இல்லாமல் இல்லை. பனம்பழக் களியைக் கைக்க வைப்பது பிளாபெலிஃபெரின் என்ற பொருள். ஆனால் அது பழத்தில் நின்றுவிட்டது, பாளைக்கு வரவில்லை. அதனால் கள் தூரம் போகாமல், இறக்கின ஊரிலேயே குடித்து முடிக்கும் சாமானாக இருந்துவிட்டது. போத்தலில் அடைத்துச் சூடாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள்தான். குஞ்சியப்பு அதைக் கள் என்று ஒத்துக்கொள்வதில்லை.

லண்டன் கதை இன்னும் முடியவில்லை. 1820களில் ஹொட்சன் குடும்பத்தின் பின்தலைமுறை விலையைக் கூட்டியது, கடனை நிறுத்தியது, கப்பல் தலைவர்களை விட்டுவிட்டுத் தானே ஏற்றுமதிக்கும் இறங்கியது. வியாபாரிகள் கொதித்தார்கள். கம்பெனி இயக்குநர்களில் ஒருவரான கம்பெல் மார்ஜொரிபாங்க்ஸ், பேர்ட்டன் ஊரில் பியர் காய்ச்சிய சாமுவேல் ஓல்சொப்பிடம் இந்தியச் சந்தையைப் பற்றிச் சொன்னார். ஓல்சொப் அதுவரை ரஷ்யாவுக்கு இனிப்பான கறுத்தப் பியர் அனுப்பிக்கொண்டிருந்தவர். ரஷ்யா தீர்வையைக் கூட்டியதால் கை முறிந்து நின்றார். ஹொட்சனின் மாதிரிப் போத்தலை ஊருக்குக் கொண்டுபோய்த் தன்னிடம் வேலை செய்த ஜொப் குட்ஹெட்டிடம் கொடுத்தாராம். அவர் ஒரு தேநீர்ச் சாடிக்குள் முதல் பரிசோதனைப் பியரைக் காய்ச்சினார் என்பது பேர்ட்டன்காரர் சொல்லும் கதை.

சாடிக் கதை எப்படியோ, பேர்ட்டனின் கிணற்றுத் தண்ணீர் உண்மை. ஜிப்சம் பாறைக்குள்ளால் ஊறிவரும் தண்ணீர் அது. அந்தச் சல்பேற்று ஹொப்ஸின் கைப்பைக் கூர்மையாக்கி, பியரை வெளிறலாகவும் தெளிவாகவும் எடுத்துக் கொடுத்தது. லண்டன் தண்ணீருக்கு அது வரவில்லை. எங்கள் கிணறுகளும் சுண்ணக்கல்லில் வெட்டியவைதான். ஆனால் அது காபனேற்று. ஹொப்ஸ் போட்டால் கைப்பு முரடாகிவிடும். "அதுதான் ஆண்டவன் எங்களுக்குப் பனையைத் தந்தவன்" என்றார் குஞ்சியப்பு.

சில வருடங்களிலேயே ஓல்சொப்பும், பேர்ட்டனில் பியர் காய்ச்சிய இன்னொருவரான பாஸும் இந்தியச் சந்தையில் ஹொட்சனை ஓரங்கட்டினார்கள். பெயரும் மெல்ல மெல்லத்தான் ஒட்டியது. 1829இல் சிட்னிப் பத்திரிகை விளம்பரம் ஒன்றில் "ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்" என்று அச்சாகியிருக்கிறது. அதாவது, பிறந்து பல பத்து வருடங்கள் கழித்து, இந்தியாவிலும் இல்லை, இங்கிலாந்திலும் இல்லை, அவுஸ்திரேலியாவில் பெயர்சூட்டு விழா.

பிறகு தூரம் சுருங்கியது. 1850களில் எட்வர்ட் டயர் இமயமலைச் சாரலில் கசௌலியில் பியர் காய்ச்சத் தொடங்கினார். இலங்கையில் நுவரெலியாவின் குளிரில் பியர் வடிசாலை எழும்பியது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. ஐஸ் வந்தது, ஜெர்மனிய லாகர் வந்தது. கைப்பு தேவைப்பட்ட காரணமே போய்விட்டது. இங்கிலாந்திலும் ஐபிஏ வரவரத் தண்ணியாகி, பெயர் மட்டும் மிஞ்சிய பானமானது.

அதை எழுப்பியவர்கள் அமெரிக்கர்கள். 1975இல் சான் பிரான்சிஸ்கோவின் அங்கர் வடிசாலை, காஸ்கேட் என்ற புது ஹொப்ஸைப் போட்டு லிபர்டி ஏல் காய்ச்சியது. 1994இல் கலிபோர்னியாவின் பிளைண்ட் பிக் என்ற சிறு வடிசாலையில் வின்னி சிலுர்சோ ஹொப்ஸை இரட்டிப்பாக்கினார். டபிள் ஐபிஏ அங்கிருந்து. அவர் பின்னர் காய்ச்சிய 8 சதவீதச் சரக்கின் பெயர் "பிளினி தி எல்டர்". ஏன் அந்த ரோமானியக் கிழவன் பெயர்? ஹொப்ஸ் என்று நம்பப்படும் ஒரு செடியை அவர் தம் நூலில் குறித்திருந்தார். அதே நூலில் தப்ரபேன் என்ற தீவும் வருகிறது. ரோமாபுரிக்குத் தூதனுப்பிய தீவு. நாங்கள் இருக்கிற தீவு.

மச்சான் இதற்குள் கைபேசியில் ஒரு தாளை விரித்துவிட்டான். பியருக்குப் புள்ளி போடும் நடுவர்களின் தாள். மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் பதத்துக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. கைப்புக்குத் தனியாக ஐபியு என்று ஓர் அளவும் உண்டு. ஒரு லீட்டரில் உருமாறிய கைப்பமிலம் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. கடையில் வாங்கும் சாதாரண லாகருக்குப் பத்து, இருபது. ஐபிஏக்கு 40இலிருந்து 70. மச்சான் மணத்துக்கு 6, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 13, பதத்துக்கு 4, மொத்தத்துக்கு 6 போட்டான். 32.

"மணத்துக்கு ஏன் பாதி?"

பேணியைக் கவிழ்த்துக் காட்டினான். அடியில் அடைத்த திகதி: டிசம்பர். நாலு மாதம். ஹொட்சனின் பீப்பா கல்கத்தா வந்து சேர எடுத்த அதே காலம். அப்போது அந்த நாலு மாதம் பியரை ஆக்கியது, இப்போது கெடுத்திருக்கிறது. இன்றைய ஐபிஏ கைப்புக்காக மட்டும் குடிப்பதல்ல, ஹொப்ஸ் எண்ணெயின் மணத்துக்காகக் குடிப்பது. சூடும் ஒட்சிசனும் பட்டால் அந்த மணம்தான் முதலில் போகும். கைப்பு பின்தங்கி நிற்கும். அதனால் குளிரில் வை, உடனே குடி, சேமிக்காதே என்று லேபிளிலேயே எழுதுகிறார்கள். தூரம் போவதற்கென்று பிறந்த பானம், காய்ச்சின ஊரிலேயே குடிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறது.

குஞ்சியப்பு சிரித்தார். "அப்ப உதுவும் கள்ளுத்தான்."

மச்சான் விடவில்லை. கள்ளுக்கும் புள்ளி போடச் சொன்னான். குஞ்சியப்பு பிளாவிலிருந்து ஒரு மிடறு இழுத்து, வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். பால் வெள்ளை, தோற்றத்தில் தெளிவுக்கு இடமில்லை. மூக்கில் ஏறும் புளிவாடை. நாக்கில் நுரை சுள்ளென்று குத்தும். இதெல்லாம் தாளில் எந்தக் கட்டத்துக்குள் போகும்?

"விடியக் கள்ளோ, பின்னேரக் கள்ளோ எண்டு எழுத அதிலை இடம் இருக்கே?"

இல்லை.

"ஆண்பனையோ, பெண்பனையோ? சீவினது ஆர்?"

அதற்கும் இல்லை. "அப்ப உந்தத் தாளை மடிச்சு வை" என்றார்.

இரவு மிஞ்சியதைக் குஞ்சியம்மா பொறுப்பேற்றா. பேணியில் அரைவாசி கிடந்த ஐபிஏ விடியும்போது நுரை செத்துப்போய் இருந்தது. முற்றத்து வாழையடியில் ஊற்றினோம். முட்டியின் அடியில் கிடந்த புளிச்ச கள்ளை அவ இரவே அப்ப மாவுக்குள் விட்டிருந்தா. மூடியைத் திறந்தபோது மா சட்டி விளிம்புக்கு ஏறி, கொப்புளம் கொப்புளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கரை முறுகலாக, நடு பஞ்சுபோல, தேங்காய்ப்பால் தேங்கின பாலப்பம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பையில் விழுந்தது.

மச்சான் ஐந்தாவதைப் பிய்க்கும்போது குஞ்சியப்பு கேட்டார்: "இப்ப சொல்லு. ஐம்பதுக்கு எத்தனை?"

வாய் நிறைய அப்பம். அவன் கோப்பையை மட்டும் நீட்டினான்.